சுவரின் வலப்புறம்

தபால் ஆபீசில், ஆஸ்பத்திரியில், ரயிலடியில், எங்கே 'கூடாது' என்று எழுதிய பலகையைக் கண்டாலும் என் கண் முதலில் அதன் வலப்புறம்தான் போகிறது. அங்கே ஒன்றும் இருக்காது. சுண்ணாம்பு, ஒரு பல்லி, மழை கசிந்து இறங்கிய பழுப்புக் கோடு. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டேன். இன்னும் அந்த வெறும் இடத்தின் முன்னால் என்னால் நிம்மதியாக நிற்க முடியவில்லை. யாரோ எழுத மறந்து போன மாதிரி இருக்கிறது. சில நாள், நான்தான் அழித்துவிட்டேனோ என்றும் இருக்கிறது.

இந்த வியாதியை எனக்குக் கொடுத்தவர் ஒரு வாத்தியாரம்மா.

பாகூர் ஏரிக்குத் தெற்கே எங்கள் ஊர். ஒரு பக்கம் கரும்பு, மூன்று பக்கம் நெல். பிரெஞ்சு சர்க்கார் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் ஒரே அறை. பெரிய பிள்ளைகளைப் பெரிய வாத்தியார் புங்க மரத்தடியில் வைத்து அடிப்பார். எங்களைப் போன்ற பொடிசுகள் உள்ளே, வாத்தியாரம்மாவிடம். அவர் வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர், வேதக்காரக் குடும்பம். முப்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, எப்போதும் வெடித்திருக்கும் உதடுகள். அதட்டத் தெரியாத குரல். அந்தக் குரலுக்கு நாங்கள் அடங்கியதை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. அடி விழாத இடத்தில் அடங்குவதற்குக் குழந்தைகளுக்கு வேறு ஏதோ வேண்டும். அது அவரிடம் இருந்தது.

அறையின் மேற்குச் சுவர் முழுக்கக் கரியும் கோவை இலைச் சாறும் பூசியிருப்பார். நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு. இடப்புறம் 'விதி'. வலப்புறம் 'ஏன்'. திங்கட்கிழமைதோறும் அந்தச் சுவரின் முன் உட்காருவோம். யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கி ஒரு விதி சொல்லலாம். காரணமும் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத விதிக்கு இடப்புறம் இடம் கிடையாது.

"விதின்னா இன்னா வாத்தியாரம்மா?" என்று முதல் நாள் கேட்டது கோவிந்தன். ஊர்த் தெருப் பையன், மூக்கு எந்நேரமும் ஒழுகும்.

"நாலு பேரு ஒரே எடத்துல இருக்கணும்னா, எல்லாரும் ஒத்துக்கிட்டுச் செய்யறது."

"தனியா இருந்தா?"

"தனியா இருந்தா வேண்டாம். ஆனா யாரு தனியா இருக்காங்க?"

கோவிந்தன் யோசித்துவிட்டு, "கக்கூஸ் போறப்ப நான் தனியாத்தான் இருப்பேன்" என்றான். அறை சிரித்து உருண்டது. அவர் சிரிக்கவில்லை. "அங்கயும் அடுத்தவங்க நடக்கற வரப்புல போகக் கூடாதுல்ல?" என்று கேட்டார். அதுதான் எங்கள் முதல் விதி. வரப்பில் போகக் கூடாது. ஏன்: அடுத்தவங்க காலும் அதே வழியாத்தான் வரும்.

பிறகு விதிகள் வந்து விழுந்தன. நாயைக் கல்லால் அடிக்கக் கூடாது. ஏன்: திருப்பி அடிக்க நாய்க்குக் கை இல்லை. ஊஞ்சலில் ஒருத்தரே ஆடக் கூடாது. ஏன்: மத்தவங்க வயித்துலயும் அந்தக் கூச்சம் வரணும். நாங்கள் சொன்னதை அவர் திருத்தவே மாட்டார். எங்கள் கொச்சையை அப்படியே, தேவாலயத்தில் எழுதுவது போல, குண்டு குண்டு எழுத்தில் எழுதுவார்.

பொய் சொல்லக் கூடாது என்ற விதி என்னுடையது. காரணமும் நான் சொன்னதுதான். ஏன்: ஒருத்தர் பொய் சொன்னா, அடுத்தவங்க நெசம் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. எழுதி முடித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் ஒரு வாரம் வீட்டில் சோறு கேட்கக்கூட மறந்து திரிந்தேன்.

காரணம் சொல்ல எவ்வளவு நேரம் என்பதற்கும் ஒரு அளவு வைத்திருந்தார். அதை அவர் ஏரியிலிருந்து கொண்டுவந்தார். ஒருநாள் எங்களை வரிசையாக மதகுக்கு நடத்திப் போனார். மடைக்காரர் ஒரு தொட்டித் தண்ணீரில் அடியில் துளையிட்ட பித்தளைக் கிண்ணத்தை மிதக்க விட்டிருந்தார். துளை வழியே நீர் ஏறி ஏறிக் கிண்ணம் மூழ்கும். மூழ்கினால் ஒரு வயலின் முறை முடிந்தது. மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் திருப்ப வேண்டும்.

"மொறை எதுக்கு ஐயா? அவங்கவங்களுக்கு வேணுங்கறத எடுத்துக்கலாமே?" என்று எங்களுக்காகக் கேட்டார்.

மடைக்காரர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கி, தோளிலிருந்த மண்வெட்டியைக் காட்டினார். "மொறை இல்லேன்னா மம்முட்டிதாம்மா பேசும். எங்க சித்தப்பன் மண்டையில பேசுன தழும்பு இன்னும் இருக்குது."

எங்களுக்கு அது போதும். ஆனால் வரிசையின் கடைசியில் நின்ற அஞ்சலைக்குப் போதவில்லை.

அஞ்சலை சேரிப் பெண். அவள் அப்பா எங்கள் நிலத்தில் நெல் கூலிக்குப் பாடுபடும் படியாள். பள்ளிக்கூடத்தில் கதவை ஒட்டி, தனிச் சாக்கில் உட்காருவாள். எங்கள் எல்லோரையும்விடச் சீக்கிரம் எழுத்துக் கூட்டக் கற்றவள். கற்றதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

"மொத மொறை எப்பவும் இவங்க வூட்டுக்கேவா?" என்று என்னைக் காட்டி மடைக்காரரிடம் கேட்டாள்.

"ஆமா."

"ஏன்?"

மடைக்காரர் வானத்தைப் பார்த்தார். மேகம் ஏதும் இல்லை. "அது அப்டித்தான், போடி" என்றார்.

 வாத்தியாரம்மா திரும்பி நடக்கும்போது குடையை விரிக்காமல் வெயிலில் நடந்தார். மறுநாள் ஒரு கொட்டாங்கச்சியின் கண்ணில் ஊசித் துளை போட்டு, வாயகன்ற சட்டியில் மிதக்க விட்டார். காரணம் சொல்ல இனி அதுதான் நேரம். அது மூழ்கும்போது ஒரு சத்தம் வரும். க்ளுக். யாரோ தயக்கத்துடன் தண்ணீர் விழுங்குவது போல.

*

அவர் விதிகளைக் கற்பித்தார் என்பதைவிட, விதிகளோடு குடித்தனம் நடத்தினார் என்று சொல்ல வேண்டும்.

கடலூரில் அவருக்கு ஒரு தங்கை. ஒருமுறை அங்கே போக எங்கள் வண்டியில் இடம் கேட்டார். அம்மாவும் நானும் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பிரெஞ்சு எல்லை முடிந்து இங்கிலீஷ்காரன் எல்லை தொடங்கும் இடத்தில் சுங்கச் சாவடி. புதுச்சேரியில் மலிவாகக் கிடைக்கும் எதையும் சொல்லிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா ஒரு பட்டுத் துண்டை அரிசி மூட்டைக்குள் சொருகியிருந்தாள். சாவடிச் சேவகர் வண்டியை எட்டிப் பார்த்துக் கையை அசைத்தார், போகலாம் என்று.

வாத்தியாரம்மா இறங்கினார். பையைத் திறந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்தார்.

"இது புதுச்சேரியில வாங்கினதுங்க. எழுதிக்குங்க."

சேவகர் விழித்தார். "யம்மா, நான் கேக்கவே இல்லியே!"

"நீங்க கேக்கணும்னு விதி இல்லீங்க. நான் சொல்லணும்னுதான் விதி."

அந்த ஒரு கத்தரிக்கோலை எழுதச் சேவகருக்குப் பேனா கிடைக்கவில்லை, பேனா கிடைத்தால் மை இல்லை. மாடுகள் சாணம் போட்டு முடித்து அசை போட ஆரம்பித்துவிட்டன. அம்மா அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இந்தம்மா கூட சொர்க்கத்துக்கே வண்டி போனாலும் நான் ஏற மாட்டேன்பா" என்று அன்றைக்குப் பிறகு ஊரெல்லாம் சொன்னாள்.

ஆற்றைத் தாண்டியதும் நான் அவர் காதில் கேட்டேன். "அம்மா பட்டுத் துண்ட ஒளிச்சு வெச்சிருந்தாங்க. உங்களுக்குத் தெரியும். நீங்க ஏன் சொல்லல?"

"என்கிட்ட இருக்கறத நான் சொல்லணும். அடுத்தவங்ககிட்ட இருக்கறத நான் எடுத்துக் குடுக்கணும்னு எங்கயும் எழுதல."

அப்போது எனக்கு அது வெறும் பேச்சாகப் போயிற்று. வண்டியில் ஆடிக்கொண்டே தூங்கிவிட்டேன். தூங்காமல் இருந்திருக்கலாம்.

இன்னொன்று. பாகூர் மெரியின் வாசலுக்கு மேலே மூன்று பிரெஞ்சு வார்த்தைகள் செதுக்கியிருக்கும். மெரி என்றால் கொம்யூன் ஆபீஸ். மேயரும் கணக்கரும் உட்காரும் இடம். ஒரு விழா நாளில் மிட்டாய் வாங்க எங்களை அங்கே கூட்டிப்போனார். அந்த மூன்று வார்த்தைகளுக்கும் அர்த்தம் சொன்னார். விடுதலை. எல்லாரும் சமம். எல்லாரும் உடன்பிறப்பு.

அஞ்சலை தலையை அண்ணாந்து பார்த்தாள். மிட்டாயை அவளுக்கு மட்டும் தூக்கிப் போட்டிருந்தார்கள். மடியில் ஏந்தியிருந்தாள்.

"இது விதியா வாத்தியாரம்மா, இல்ல இந்த வூட்டுக்குப் பேரா?"

 வாத்தியாரம்மா வெடித்த உதட்டைப் பல்லால் கடித்தார். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. நான் பார்த்தேன். அந்தப் பொட்டுதான் அவருடைய பதில் என்று எழுத எனக்குக் கை துடிக்கிறது. ஆனால் அழகாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் இடம் இது இல்லை.

*

அறையின் மூலையில் ஒரு மண்பானை. ஊர்த் தெருப் பிள்ளைகள் நாங்கள் போய் மொண்டு குடிப்போம். அஞ்சலைக்குத் தாகம் எடுத்தால் கதவுக்கு வெளியே குனிந்து கையைக் குவிப்பாள். எங்களில் ஒருத்தர் போய் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். என் முறை வரும்போது நானும் ஊற்றியிருக்கிறேன். பாதி அவள் வாய்க்குப் போகும், பாதி முழங்கை வழியே பாவாடைக்குப் போகும். எனக்கு அது ஒரு விளையாட்டு. இன்னும் உயரத்தில் இருந்து ஊற்ற முடியுமா என்று பார்ப்பேன்.

ஒரு பங்குனித் திங்கட்கிழமை. கரும்பு வெட்டி முடிந்த வயல்களில் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்தியிருந்தார்கள். காற்றெல்லாம் சாம்பல். அஞ்சலை கையைத் தூக்கினாள்.

"சொவத்துல எழுதாத விதியப் பத்திக் கேக்கலாமா?"

"கேளு."

"பானைய நான் தொடக் கூடாதுன்னு இருக்குதே. அதுக்கு வலப்புறம் இன்னா?"

வாத்தியாரம்மா நின்றார். புங்க மரத்தடியில் பெரிய வாத்தியாரின் பிரம்பு யார் மேலோ விழும் சத்தம் வந்தது. அந்தக் கேள்வியை அவர் அன்றைக்குத் தள்ளிப்போட்டிருக்கலாம். மணி அடிக்க நேரமாகவில்லை என்றாலும் அடித்திருக்கலாம். அவர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, இடப்புறத்தில், மற்ற விதிகளுக்குக் கீழே, அதே குண்டு எழுத்தில் எழுதினார்: சேரிப் பிள்ளை பானையைத் தொடக் கூடாது. அந்த விதியை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தோம். அதுவரை அது காற்று மாதிரி இருந்தது.

கொட்டாங்கச்சியைச் சட்டியில் விட்டார். "காரணம் சொல்லுங்க."

"அழுக்காயிடும்" என்றான் கோவிந்தன்.

அஞ்சலை இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "உன் கையக் காட்டுடா. காலையில சாணி அள்ளிட்டுத்தான வந்த?" கோவிந்தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம்.

"சாமி குத்தம்" என்றது ஒரு குரல்.

"எந்த சாமி சொல்லுச்சு?" என்றாள் அஞ்சலை.

"எங்க நைனாவுக்குத் தெரியும்" என்று நான் அப்பாவை இழுத்தேன்.

"இங்க அவரு இல்லியே பாப்பா. நீ சொல்லு" என்று அஞ்சலை என் பக்கம் திரும்பினாள்.

நான் தேடினேன். மெய்யாகவே தேடினேன். மண்டைக்குள் மூலை மூலையாகப் போய்ப் பார்த்தேன். அங்கே எப்போதும் ஏதோ இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். க்ளுக்.

வாத்தியாரம்மா ஈரத் துணியால் அந்த வரியை அழித்தார்.  நாங்கள் எல்லோரும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அஞ்சலை எழுந்து போனாள். மொண்டாள். நின்றபடி குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுக்காடி இத்தினி கட்டுக்காவல்? எங்க கெணத்துத் தண்ணியே தேவலாம். இது பானை வாடை அடிக்குது" என்றாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்னும் கேட்டதில்லை. பின்னும் கேட்டதில்லை.

*

சாயங்காலம் நைனா கேட்டார். ஏற்கெனவே காதில் ஏதோ விழுந்திருந்தது. கோபமாகக்கூட இல்லை. பலாச்சுளையின் கொட்டையை எடுத்து என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னா பாப்பா, பள்ளிக்கூடத்துல எல்லாரும் ஒண்ணா மொண்டு குடிச்சாங்களாமே? நெசமா?"

கதவுக்குப் பின்னால் அம்மா. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் ஆட்டினாள்.

எனக்குச் சுவர் தெரிந்தது. என் விதி. என் காரணம். "நெசம் நைனா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அஞ்சலைதான் மொதல்ல மொண்டா" என்றேன். பெயரை அவர் கேட்கவில்லை.

அன்றைக்கே இருட்டுவதற்கு முன்னால் வாத்தியாரம்மாவை வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் போயிற்று. வந்தார். முற்றத்தில் நின்றார். நாற்காலி போடச் சொன்னார் நைனா, உட்காரவில்லை.

"நீங்க படிச்சவங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா? ஊர்க் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குதும்மா."

"இருக்கட்டுங்க. ஏன்னு மட்டும் சொல்லிடுங்க. புள்ளைங்க கேக்கும். சொன்னீங்கன்னா நானே எழுதிடறேன்."

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து நடக்குது."

"அது எப்பலேர்ந்துன்னு சொல்றீங்க. நான் கேட்டது ஏன்னு."

நைனா சிரித்துவிட்டார். அவருக்குச் சாமர்த்தியமான பேச்சு பிடிக்கும். பிறகு சிரிப்பு மெல்ல இறங்கியது. "சரி, சொல்றேன். இன்னிக்குப் பானை. நாளைக்கு ஏரித் தண்ணியில மொத மொறை இவங்களுக்கு ஏன்னு கேப்பான். நாளன்னிக்கு இந்த நெலம் இவங்களுக்கு ஏன்னு கேப்பான். இது ஒரு ஏனோட நிக்காதும்மா."

"அப்ப காரணம் இருக்குதுங்க" என்றார் வாத்தியாரம்மா, மெதுவாக. "பயம்."

முற்றத்துத் துளசியில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. அது பறக்கும் வரை நைனா அதையே பார்த்தார்.

"நாளைக்கு அந்த விதி சொவத்துல இருக்கணும்" என்றார் நைனா. "இருந்தா, அந்தப் பொண்ணு கதவாண்ட உக்காந்து படிக்கட்டும். அவ அப்பன் என் களத்துல இருக்கட்டும். நான் ஒண்ணும் பாவி இல்ல. இல்லேன்னா ஊர்ப் புள்ளைங்க ஒண்ணும் வராது. அவனும் இந்த ஊர்ல இருக்க மாட்டான்."

வாத்தியாரம்மா போகும்போது என்னைக் கடந்து போனார். தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். என் தலையில் கை வைத்தார், எடுத்தார்.

காலையில் போனோம். சுவரில் அந்த வரி திரும்ப வந்திருந்தது. அதே எழுத்து. ஆனால் இப்போது வலப்புறமும் ஒரு வார்த்தை இருந்தது. அஞ்சலை தன் சாக்கில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினாள்.

"ஏன்: ப... ய... ம். பயம்." சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள். "யாருக்கு வாத்தியாரம்மா?"

"எல்லாருக்கும்."

"உங்களுக்கு?"

"எனக்கும்."

அஞ்சலை தலையாட்டினாள், ஒரு கணக்குக்குச் சரியான விடை வந்த மாதிரி. அன்றைக்கு மணி அடிக்கும் வரை அவள் தண்ணீர் கேட்கவில்லை. வாத்தியாரம்மாவும் பானைப் பக்கம் போகவில்லை. பங்குனி வெயில். அவர் உதடு இன்னும் ஒரு இடத்தில் வெடித்தது.

இதோடு முடிந்திருக்கலாம். அவமானத்தோடு, ஆனால் முடிந்திருக்கலாம். அவள் படித்திருப்பாள்.

சாயங்காலம் நைனா கேட்டார். "எழுதினாங்களா?"

"எழுதினாங்க நைனா."

"அவ்ளோதானே?"

கதவுக்குப் பின்னால் அம்மா. இந்தமுறை அவள் தலையை ஆட்டிய வேகத்தில் மூக்குத்தி மின்னியது.

"வலப்புறம் பயம்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

*

மறுநாள் அஞ்சலையின் அப்பா எங்கள் களத்து வேலிக்கு வெளியே நின்றார். "ஆண்டே, ஆண்டே" என்று ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து யாரும் வரவில்லை. நான் பின்கட்டில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொத்தினாலும் கேட்டது.

அதற்கும் அடுத்த நாள் வியாழக்கிழமை, பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு. அவர்கள் சோரியாங்குப்பம் வழியாக ஆற்றைத் தாண்டி இங்கிலீஷ்காரன் பக்கம் போனார்கள். ஏரிக்கரையில் நான் எதிர்ப்பட்டேன். அப்பா தலையில் மூட்டை, அம்மா இடுப்பில் குழந்தை, பின்னால் ஒரு ஆடு. அஞ்சலை தலையில் அவர்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானை. ஒரு கையால் பிடித்திருந்தாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"இன்னா பாப்பா, நெசம் சொன்னியாமே."

திட்டவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். பானைக்குள் தண்ணீர் இல்லை. நடையில் அது வெறுமையாக ஒலித்தது.

வாத்தியாரம்மாவை எங்கோ தூரத்துக்கு மாற்றி மெரியிலிருந்து காகிதம் வந்தது. அடுத்த திங்கட்கிழமை அவருக்குக் கடைசி நாள். வாசலில் வண்டி நின்றது. தகரப் பெட்டியும் குடையும் ஏறிவிட்டன. அன்றைக்கும் சுவரின் முன்னால்தான் உட்கார வைத்தார். கதவை ஒட்டி அந்தச் சாக்கு இருந்தது. யாரும் மடித்து வைக்கவில்லை.

மணிக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். "உங்க நைனா கேட்டப்ப நீ பொய் சொல்லல. நாம எழுதின விதிதான். உன் மேல தப்பு இல்ல" என்றார்.

இரக்கத்தில் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா, இன்றுவரை தெரியவில்லை. என்னை அவர் வைதிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். அந்த இரண்டு வார்த்தைகளை, தப்பு இல்ல என்பதை, நான் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சுமக்கிறேன். பானை போலத்தான். கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"இன்னிக்கு யாராவது விதி சொல்லணுமா?" என்று கேட்டார். எல்லோரும் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தோம். "அழிக்கணுமா?"

நான் கையைத் தூக்கினேன்.

"எத?"

"பொய் சொல்லக் கூடாதுங்கறத."

அறை திரும்பிப் பார்த்தது. கோவிந்தன் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினான்.

"அதுக்குக் காரணம் எழுதியிருக்குது" என்றார் வாத்தியாரம்மா. "நீயே சொன்ன காரணம். அத அழிக்கணும்னா, அதவிடப் பெரிய காரணம் சொல்லணும்."

கொட்டாங்கச்சியைச் சட்டியில் விட்டார்.

காரணம் என்னிடம் இருந்தது. கதவை ஒட்டிச் சாக்காகக் கிடந்தது. 'என்கிட்ட இருக்கறத நான் சொல்லணும்' என்று ஆற்றங்கரையில் அவர் சொன்னது அப்போதுதான், ஒரு வாரம் தாமதமாக, எனக்குள் வந்து சேர்ந்தது. அஞ்சலை என்னிடம் இருந்தவள் இல்லை. அவளை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதைச் சொன்னால் போதும். அவர் அழித்திருப்பார். அல்லது பக்கத்தில் இன்னொரு வரி எழுதியிருப்பார், எனக்குப் பிறகு வருகிற பிள்ளைகளுக்காக. ஆனால் அதைச் சொல்ல, நான் செய்ததை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.  தாகம் எடுத்தது. பானை மூலையில் இருந்தது.

அவர் காத்திருந்தார். வெளியே மாட்டின் மணி ஆடியது. கொட்டாங்கச்சியில் விளிம்பு வரை தண்ணீர் ஏறிவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவரின் வலப்புறத்தையே பார்த்துக்கொண்டு, கையில் ஈரத் துணியோடு, தயாராக நின்றிருந்தார்.

க்ளுக்.

துணியை மடித்துச் சட்டியின் விளிம்பில் வைத்தார். குடை வண்டியில் இருந்ததால் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினார். என் விதி சுவரில் அப்படியே இருந்தது.